விக்ராந்த் இரும்பில் ஒரு பைக்: செகண்ட்ஹேண்ட் வி15 வாங்கலாமா?

பஜாஜ் வி15 இன்றைக்கு எந்த ஷோரூமிலும் புதிதாகக் கிடைக்காது. 2016 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. 2020-ல் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதி வந்தபோது அதற்கேற்ப மாற்றாமல் நிறுத்திவிட்டார்கள். நின்றுபோன வண்டிக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்பீர்கள். செகண்ட்ஹேண்ட் சந்தையில் இது இன்னும் நன்றாகப் புழங்குகிறது. கோவையில் நான் பார்த்தவரை, விற்பவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் எடுத்துவிடுகிறார்கள்: "அண்ணா, இது போர்க்கப்பல் இரும்புல செஞ்சதுங்க." உடைத்த விக்ராந்த் கப்பலின் உலோகம் இதன் பெட்ரோல் டேங்கில் இருப்பதாகப் பேச்சு. அந்த ஒரு வரிக்காக மூவாயிரம், ஐயாயிரம் கூடச் சொல்கிறார்கள். அந்தப் பணம் தகுமா என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

என் பதில் முதலிலேயே: வண்டிக்காகக் கொடுக்கலாம். கப்பலுக்காகக் கொடுப்பதாக இருந்தால், டேங்க் ஒரிஜினல்தானா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நான் கோவை கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில் (இரும்பு வார்க்கும் ஆலை) உலைப் பகுதியில் வேலை பார்க்கிறேன். பழைய இரும்பு எங்கிருந்து வரும், என்னவாகிப் போகும் என்பதுதான் பிழைப்பு. இதை வாங்க இன்னொரு காரணம் என் மாமா. கடற்படையில் ஸ்டோக்கராக, அதாவது பாய்லர் பார்க்கிற ஆளாக, இருந்தவர். 1971-ல் ஐஎன்எஸ் விக்ராந்தின் பாய்லர் அறையில் வேலை செய்தார். வீட்டு விசேஷங்களில் அவர் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் கடைசியில் பேச்சு பாய்லரில்தான் வந்து நிற்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் கதை பிடிக்கும். உலைக்காரனுக்கு உலைக்கதை.

சரி, முதலில் எந்த விக்ராந்த் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில், "இப்ப கொச்சியில இருக்கே, அந்தக் கப்பல்தான்" என்றார் விற்பனைப் பையன். கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2-ல் கடற்படையில் சேர்ந்தது புது விக்ராந்த். 45,000 டன் கப்பல், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற கப்பலை வெட்டி யாரும் பெட்ரோல் டேங்க் செய்வதில்லை. வண்டியில் இருப்பதாகச் சொல்லப்படுவது பழைய விக்ராந்த். இந்தியாவின் முதல் விமானம் தாங்கிக் கப்பல்.

பழையது பிறந்தது இங்கிலாந்தில். டைன் நதிக்கரையில் விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங் தளத்தில் 1943 அக்டோபரில் கட்ட ஆரம்பித்தார்கள். அப்போது வைத்த பெயர் ஹெர்குலிஸ். இரண்டாம் உலகப் போரில் பெரிய விமானம் தாங்கிகள் கட்ட நேரமும் பணமும் போதாமல், சிறிதாக, சீக்கிரம் முடிகிற மாதிரி பிரிட்டன் ஒரு வரிசை இலகுரகக் கப்பல்களைத் திட்டமிட்டது. அதில் மெஜஸ்டிக் வகையைச் சேர்ந்தது இது. கனமான கவசம் கிடையாது. உடற்பகுதியை வணிகக் கப்பல் கட்டும் முறைக்கு நெருக்கமாகவே வடிவமைத்தார்கள். போர் முடியும் வரையோ, மூன்று வருடமோ தாங்கினால் போதும் என்பதுதான் கணக்கு. 1945 செப்டம்பர் 22-ல் தண்ணீரில் இறக்கியபோது போரே முடிந்திருந்தது. பாதி வேலையோடு வருடக்கணக்கில் சும்மா கிடந்தது. 1957-ல் இந்தியா வாங்கி, பெல்பாஸ்ட் நகரில் ஹார்லண்ட் அண்ட் வோல்ஃப் தளத்தில் மிச்ச வேலையை முடித்து, சாய்ந்த ஓடுதளம், நீராவியால் விமானத்தை உந்தும் கேட்டபுல்ட் எல்லாம் சேர்த்து, 1961 மார்ச் 4-ல் கடற்படையில் சேர்த்தது. அப்போது பிரிட்டனில் இந்தியத் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட்தான் சேர்த்துவைத்தார். அந்த வருடம் நவம்பரில் பம்பாய் வந்தபோது நேருவே வரவேற்கப் போனார்.

மூன்று வருடத்துக்கு என்று திட்டமிட்ட வகைக் கப்பல் 36 வருடம் பணியில் இருந்தது. விற்பவர்கள் சொல்லவேண்டியது இதைத்தான். ஆனால் அவர்களுக்கு 1971 போர் மட்டும்தான் தெரியும். அதுவும் வெற்றி என்ற வார்த்தை வரைக்கும்தான்.

இனி இரும்பு விஷயம். வி15 வந்தபோது விக்ராந்தை உடைத்த உலோகம் அதன் பெட்ரோல் டேங்கில் இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். வண்டி முழுவதும் கப்பல் இரும்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது இல்லை. இஞ்சின் அலுமினியம், வீல் அலாய், சேஸ் வேறு குழாய். டேங்க் மட்டும்தான் பேச்சு.

டேங்கில் இருக்கிறதா என்றால், இரண்டு வகை ஆட்கள் பதில் சொல்வார்கள். ஒரு வகை அந்த டேங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். இன்னொரு வகை எல்லாம் விளம்பரப் பித்தலாட்டம் என்று கையை வீசும். இரண்டு பேருமே உலையைப் பார்த்தவர்கள் இல்லை என்று நினைக்கிறேன். கப்பலின் தகட்டை அப்படியே நறுக்கி டேங்க் செய்ய முடியாது. கப்பல் தகடு தடிமன், டேங்க் தகடு ஒரு மில்லிமீட்டர் கூட வராது. ஆகவே வெட்டிய தகட்டை உலையில் போட்டு உருக்கி, வார்த்து, சூட்டில் உருட்டி, அப்புறம் குளிரில் உருட்டி, மெல்லிய ஷீட்டாக்கி, அச்சில் அழுத்தவேண்டும். உலையில் ஒரே ஊர் இரும்பு மட்டும் போட்டு யாரும் உருக்குவதில்லை. உலையில் ஒரு தடவைக்குப் போடும் சரக்கை சார்ஜ் என்போம். எங்கள் சார்ஜில் பழைய ஸ்கிராப், கடைசல் சுருள், முந்தைய வார்ப்பின் மிச்சம் எல்லாம் சேர்த்துத்தான் போடுவோம். எது எவ்வளவு என்பது வேண்டிய தரத்தைப் பொறுத்தது. உருகி லேடில் என்ற வார்ப்புக் கலத்தில் விழுந்த பிறகு இது கப்பல், இது பழைய கதவு என்று பிரித்துச் சொல்ல எந்த லேபாலும் முடியாது. கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்றுதான் ரிப்போர்ட் வரும்.

அதற்காகப் பொய் என்றும் சொல்லமாட்டேன். கணக்கைப் பாருங்கள். விக்ராந்தின் எடை 16,000 டன். சுமையெல்லாம் ஏற்றினால் 19,500 டன். அதில் செம்பு, பித்தளை, மரம், மற்றது எல்லாம் கழித்தாலும் எஃகு மட்டுமே ஆயிரக்கணக்கான டன் தேறும். காலி டேங்க் என்ன, நாலைந்து கிலோ இருக்கும். வெறும் ஆயிரம் டன் எஃகிலேயே இரண்டு லட்சம் டேங்க் அடிக்கலாம். ஆக, உங்கள் டேங்கில் கொஞ்சமாவது கப்பல் இருப்பது நடக்கக்கூடிய காரியம்தான். எத்தனை பங்கு என்பதில்தான் அடக்கி வாசிக்கவேண்டும்.

கப்பலை உடைத்ததில் பலருக்கு மனவருத்தம். நியாயம்தான். 1997 ஜனவரி 31-ல் ஓய்வு கொடுத்து, 2001-லிருந்து மும்பையில் அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். 2012-ல் பாதுகாப்பில்லை என்று பார்வையாளர்களை நிறுத்தினார்கள். ஏலத்தில் சுமார் 60 கோடி ரூபாய்க்குப் போனது. நிறுத்தச் சொல்லி வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய்த் தோற்றது. 2014 மே மாதம் மும்பை தாருகானா உடைப்புத் தளத்துக்கு இழுத்துப் போனார்கள். நவம்பரில் கேஸ் கட்டர் வைத்தார்கள். என் தொழிலில் இதற்குக் கண்ணீர் வராது. உப்புத் தண்ணீரில் நின்று அடித்தகடு கரைந்து கொண்டிருந்த கப்பலைப் பராமரிக்கப் பணம் ஒதுக்க ஆளில்லை என்றால், துருவாகப் போவதைவிட உலைக்குப் போவது மேல். மாமா இதை ஒத்துக்கொள்ளமாட்டார். "அவனுங்க சிப்பிங் பண்ணிப் பெயிண்ட் அடிச்சிருந்தா நின்னிருக்கும் மாப்ளே" என்பார். கப்பலில் பாய்லர் வேலை இல்லாத நேரமெல்லாம் சின்னச் சுத்தியலால் துருவைத் தட்டி, ரெட் ஆக்சைடு பூசுவதுதான் வேலை என்று சொல்லுவார். இன்றைக்கும் அவர் வீட்டு கேட்டில் ஒரு பொட்டுத் துருவைப் பார்க்க முடியாது.

இப்போது டேங்க் கதைக்கு வருகிறேன். வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

நான் முதலில் பார்க்கப் போன வண்டி ஒரு செகண்ட்ஹேண்ட் கடையில் இருந்தது. கடைப் பெயர் வேண்டாம். கறுப்பு வண்டி, பளபளப்பு, ஒரே ஓனர், ஆர்சி சுத்தம். கடைக்காரர் வழக்கமான வசனத்தைச் சொல்லி டேங்கைத் தட்டிக்காட்டினார். சத்தம் சரியில்லை. தகட்டைத் தட்டினால் டங் என்று வரவேண்டிய இடத்தில் ஒரு பக்கம் மந்தமாக வந்தது. ஸ்கிராப் பிரிக்க நான் வைத்திருக்கும் சின்னக் காந்தம் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். எடுத்து வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் கவ்வியது, வலது பக்கம் முட்டி உரசும் இடத்தில் வழுக்கி விழுந்தது. உள்ளே கனமாகப் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். குனிந்து டேங்கின் அடியில் பார்த்தேன். இரண்டு பாதியையும் இணைக்கும் விளிம்பில் வெல்டிங் ஒழுங்கில்லை, சில இடத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது. கம்பெனி டேங்கில் அந்த மடிப்பு ஒரே சீராக ஓடும். மூடிப் பக்கம் இருக்கவேண்டிய விக்ராந்த் சின்னத்துக்குப் பதிலாக ஸ்டிக்கர். விழுந்து நசுங்கிய வண்டிக்கு யாரோ டூப்ளிகேட் டேங்க் மாட்டி, அதிலும் நசுங்கல் எடுத்து விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள்.

"அண்ணா, இதுல கப்பலே இல்லீங்களே" என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அண்ணா, பெட்ரோல் நிக்குதுங்களா இல்லீங்களா? அதைப் பாருங்க" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு ஐயாயிரம் கூடக் கேட்டதுதான் இடித்தது.

ஆகவே, டேங்க் சோதனை முக்கியம். காந்தம் வைத்துப் பாருங்கள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கவ்வவேண்டும். அடிமடிப்பைத் தடவிப் பாருங்கள். மூடியைத் திறந்து மொபைல் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ரொம்ப நாள் ஓடாமல் நின்ற வண்டியில் அடியில் தண்ணீர் தங்கி, உள்ளே செம்மண் நிறத்தில் துரு ஏறியிருக்கும். கப்பல் இரும்பு என்றால் துரு பிடிக்காது என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார். கப்பலே துருப்பிடித்துத்தானே இங்கே வந்தது!

கடைசியில் நான் வாங்கியது வெள்ளை வண்டி. ஆசிரியர் ஒருவர் பள்ளிக்கும் வீட்டுக்குமாக ஓட்டியது. முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. டேங்க் ஒரிஜினல். வாங்கியதும் மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எழுபத்தைந்து வயதில் வாசல்படி இறங்கி வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டேங்க் மேல் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் நின்ற வண்டி, சுட்டது. கையை எடுக்காமல், "எந்த இடத்துத் தகடு மாப்ளே இது?" என்றார். உருக்கிவிட்டால் இடம் ஏது மாமா என்றேன். "பாய்லர் டிரம்மா மட்டும் இருக்கவேண்டாம். அது விரிஞ்சு போனது" என்றார்.

அந்த விரிசல் கதையை இங்கே சொல்லியாகவேண்டும். 1970 ஜூனில் விக்ராந்தின் பாய்லர் டிரம்களில், அதாவது பாய்லருக்குள் தண்ணீர் நிற்கும் உருளைகளில், உள்விரிசல்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வெல்டிங் வைத்துச் சரிசெய்ய முடியாத வகை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், உலோகம் அலுத்துப்போய் விரிகிற விரிசலில் வெல்டிங் வைத்தால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். புது டிரம் உள்ளூரில் கிடைக்காது, பிரிட்டனில் ஆர்டர் போட்டார்கள். அது வருவதற்குள் கிழக்குப் பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) பக்கம் போர் மேகம். 1965 போரின்போதும் இந்தக் கப்பல் பம்பாயில் பழுதுபார்ப்பில்தான் நின்றது. அதை மூழ்கடித்துவிட்டதாக அப்போது பாகிஸ்தான் சொல்லிக்கொண்டது வேறு. 1961-ல் கோவா நடவடிக்கையிலும் ரோந்தோடு சரி. இந்த முறையும் துறைமுகத்தில் நின்றால் இதை வெள்ளை யானை என்றே முடிவுகட்டிவிடுவார்கள் என்ற பேச்சு கடற்படைக்குள்ளேயே இருந்தது. தலைமைத் தளபதி அட்மிரல் எஸ்.எம். நந்தா கப்பலை வெளியே எடுத்தே தீர்வது என்று நின்றார்.

நான்கு பாய்லரில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றி எஃகுப் பட்டை போட்டு இறுக்கினார்கள். மாமா சொல்வது, "கொழந்தைக்கு அரைஞாண் கட்டின மாதிரி." நீராவி கசிந்தால் தெரிய, பார்க்கிற ஜன்னல் ஒன்றும் பொருத்தினார்கள். அழுத்தம் குறைத்தே ஓட்டவேண்டும் என்று உத்தரவு. கப்பல் வேகத்தை நாட் என்ற அளவில் சொல்வார்கள். சுமார் 25 நாட் ஓடவேண்டிய கப்பலை 14 நாட்டுக்கு மேல் ஓட்டக்கூடாது. 14 நாட் என்றால் மணிக்கு 26 கிலோமீட்டர். என் வி15 முதல் கியரிலேயே அதைத் தாண்டிவிடும்.

விமானம் தாங்கிக்கு வேகம் என்பது வெறும் பெருமை விஷயம் இல்லை. விமானம் ஏறவும் இறங்கவும் தளத்தின் மேல் எதிர்க்காற்று வேண்டும். கப்பலைக் காற்றை நோக்கித் திருப்பி வேகமாக ஓட்டித்தான் அந்தக் காற்றை உண்டாக்குவார்கள். கப்பல் மெதுவாகப் போனால் காற்று குறையும், விமானம் கிட்டத்தட்ட விழப்போகிற வேகத்தில் வந்து இறங்கவேண்டியிருக்கும். அதற்காக அலிசே விமானங்களின் எடையைக் குறைத்து ஏற்றினார்கள். அலிசே என்பது நீர்மூழ்கி தேடும் பிரெஞ்சு விமானம், முன்னால் விசிறி சுற்றுவது. கூடவே சீ ஹாக் ஜெட் விமானங்கள். கப்பலுக்கு அப்போது கேப்டன் சுவராஜ் பர்காஷ்.

போருக்கு முந்தைய அந்த மாதங்களில் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து பராமரிப்புக்கு நின்றிருக்கிறது. மாமாவின் தீராத மனக்குறை அதில்தான். "மெட்ராஸ்ல நிக்கறோம், ராத்திரி ரயில் ஏறினா காலைல கோயமுத்தூர். லீவு தரலை மாப்ளே." நவம்பர் 13-ல் அங்கிருந்த கப்பல்கள் கிளம்பி அந்தமான் பக்கம் போய்விட்டன. விக்ராந்தை ஆளில்லாத ஒரு நங்கூரமிடத்தில் ஒளித்துவைத்துவிட்டு, அது சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் நடுவே திரிகிற மாதிரி போலிச் செய்திகளை வானொலியில் விட்டார்கள். இதைத் தேடி வந்த காஸி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி நவம்பர் 14-ல் கராச்சியிலிருந்து கிளம்பி, டிசம்பர் 3-4 இரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. ராஜ்புத் போர்க்கப்பல் போட்ட ஆழ்நீர்க் குண்டுகளால் என்று இந்தியத் தரப்பு சொல்கிறது, உள்ளேயே நடந்த விபத்து என்று பாகிஸ்தான் தரப்பு. எங்கே ஒளிந்திருந்தீர்கள் என்று மாமாவைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும்? கீழ பாய்லர் ரூம்ல எல்லா ஊரும் ஒண்ணுதான்" என்பார்.

டிசம்பர் 4 காலையில் எட்டு சீ ஹாக் விமானங்கள் கடலிலிருந்து கிளம்பி காக்ஸ் பஜாரைத் தாக்கின. சாயங்காலம் சிட்டகாங் துறைமுகம். அப்புறம் குல்னா, மோங்லா. டிசம்பர் 10 வரைக்கும் தாக்குதல் நடந்தது. கிழக்குப் பாகிஸ்தானுக்குக் கடல்வழி அடைபட்டது. கேப்டனுக்கும், சீ ஹாக் அணியின் தலைவர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது. விற்பனை வசனத்தில் வருகிற வீரம் இதுதான். எனக்கு அதைவிட, விரிசல் டிரம்முக்குப் பட்டை கட்டி, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்ற ஆட்களைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. பட்டை அறுந்தால் முதலில் வேகப்போவது அவர்கள்தான்.

அதற்குப் பிந்தைய கதை சுருக்கம். பெரிய பழுதுபார்ப்புகள், 80-களில் செங்குத்தாக இறங்கும் சீ ஹாரியர் விமானங்கள், கேட்டபுல்ட்டை எடுத்துவிட்டு முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த தளம். 1994 நவம்பருக்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை.

வண்டிக்கு வருவோம். 149.5 சிசி, காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், 12 குதிரைத்திறன், 13 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), ஐந்து கியர். எண்களைப் பார்த்து 150 சிசிக்கு இது குறைச்சல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அதே காசுக்கு அப்போது இதைவிட வேகமான வண்டிகள் இருந்தன. ஆனால் இந்த இஞ்சினைக் கீழ் வேகத்தில் இழுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். காந்திபுரம் நெரிசலில் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய், மறுபடி முறுக்கினால் முக்காமல் எடுக்கும். கியரைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சாது. சைலன்சர் சத்தம் அடித்தொண்டையில் வரும், காதைக் குடையாது. முன் வீல் 18 அங்குலம், பின் வீல் 16 அங்குலம். பின்னால் தடித்த டயர். இந்த அளவு வித்தியாசத்தால் வண்டி பார்க்கக் கொஞ்சம் குந்தியிருப்பது மாதிரி தெரியும். நேர் ரோட்டில் அசையாமல் போகும், வளைவில் சாய்க்கக் கொஞ்சம் உடம்பைக் கொடுக்கவேண்டும். ஆனைகட்டி மலைப்பாதையில் அது எனக்குப் பிடித்திருந்தது. மகனுக்குப் பிடிக்கவில்லை. அவன் வயசுக்கு வேறு வண்டி.

உட்காரும் விதம் நேராக இருக்கும். ஷிப்ட் முடிந்து இடுப்பு கழன்று வருகிற எனக்கு அதுதான் பெரிய சௌகரியம். சீட் உயரம் 780 மில்லிமீட்டர், குள்ளமானவர்களுக்கும் கால் எட்டும். பின் சீட்டில் கழற்றி மாட்டும் மூடி ஒன்று உண்டு, மாட்டினால் ஒற்றை சீட் வண்டி மாதிரி இருக்கும். என் மனைவி முதல் நாளே அதைக் கழற்றச் சொல்லிவிட்டாள். இப்போது பரணில் இருக்கிறது. நிறைய செகண்ட்ஹேண்ட் வண்டிகளில் அது காணாமல் போயிருக்கும், கேட்டு வாங்குங்கள். டேங்க் 13 லிட்டர். எனக்கு லிட்டருக்கு 48, 50 கிடைக்கிறது. டவுனுக்குள் மட்டும் ஓட்டினால் குறையும்.

இல்லாதவற்றையும் சொல்லவேண்டும். இஞ்சின் சுற்று வேகம் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் இல்லை. பின்னால் டிரம் பிரேக்தான், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எதிர்பார்க்கவேண்டாம். ஹெட்லைட் பழைய ஹாலோஜன், பைபாஸில் ராத்திரி ஓட்டுபவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். எண்பதுக்கு மேல் விரட்டி ஓட்டுகிற ஆளுக்கு இது வண்டி இல்லை. அறுபதில் நாள் முழுக்கப் போகிறவருக்குத்தான்.

வி12 என்று ஒன்றும் வந்தது, 125 சிசி. விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் ஆரம்பத்தில் வந்தவற்றில் முன்பக்கமும் டிரம் பிரேக்தான். இரண்டுக்கும் ஐந்தாயிரம்தான் வித்தியாசம் என்றால் வி15-ஐ எடுங்கள். கடைசிக் காலத்து வி15-ல் ஒரு குதிரைத்திறன் கூட்டினார்கள். கிடைத்தால் நல்லது, அதற்காக அலையவேண்டாம். முதலில் வந்த வி15-ன் டெல்லி ஷோரூம் விலை 62,000 ரூபாய் அளவில் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால், நாற்பதுக்கு மேல் சொல்பவரிடம் பேரம் பேசத் தைரியம் வரும்.

வாங்கிய பிறகு செய்யவேண்டியவை கொஞ்சம்தான். இஞ்சின் ஆயில் மாற்றுங்கள், செயின் செட் பல் கூர்மையாகியிருந்தால் மொத்தமாக மாற்றுங்கள், டேங்கைக் காலிசெய்து ஒருமுறை அலசிவிட்டுப் பெட்ரோல் பில்டரைப் பாருங்கள். மழைக்காலத்தில் ரொம்ப நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். பாதி டேங்க்கில்தான் உள்சுவர் வியர்த்துத் துரு ஏறும். இது மாமா சொன்ன யோசனை, நான் கடைப்பிடிக்கிறேன். பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் அன்றைக்கே ஒரு பொட்டு டச்சப் வைத்துவிடுங்கள். அவர் வரும்போது பார்த்தால் எனக்குத்தான் திட்டு விழும்.

கடைசியாகப் பின் டயர். அளவு 120/80-16. எங்கள் ஏரியா டயர் கடைகள் எல்லாவற்றிலும் இந்த அளவு இருப்பில் இருக்காது, சொல்லி வைத்தால்தான் வரவழைப்பார்கள். "இதையே போட்டுக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்று வேறு அளவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். டயர் மொட்டையாகும் வரை காத்திருக்காமல், கோடு தேய ஆரம்பித்ததுமே போன் பண்ணிச் சொல்லி வைத்துவிடுங்கள்.